ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது

தேங்காய் பறிக்க வரும் பாச்சு தென்னையில் முக்கால்வாசி ஏறி நின்றுகொண்டு, இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றைக் காட்டி, இது எதற்கென்று மூன்றாம் தடவையாகக் கேட்டான். துணி காயப் போடவா என்பது அவன் சந்தேகம். அப்படியானால் காய்ந்த துணியை எடுக்கவும் தன்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்று மரத்திடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டான். கீழே சோசாம்மா டீச்சர், பள்ளிக்கூடத்துப் புவியியல் அறையிலிருந்து இரவல் வாங்கி வந்த திசைமானியை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு கண்ணை மூடி, தென்னையையும் எதிரே இருந்த மாமரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார் கட்டின கம்பி ஒண்ணு ஏற்கெனவே இருக்கே டீச்சரே. அதுல என்ன குறை?"

"அது இத்தாலியைப் பாத்துக்கிட்டிருக்கு."

பாச்சு அந்தக் கம்பியை ஒரு முறை பார்த்தான். டீச்சரை ஒரு முறை பார்த்தான். "சார் கப்பல்லதானே இருக்காரு. இத்தாலியில யாரு?"

"ஒரு பல் டாக்டர்."

"ஏன், பல்லு வலியா?"

வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மாட்டு டாக்டர் ஈப்பனுக்குப் புரையேறிவிட்டது.

சோசாம்மா பொய் சொல்லவில்லை. இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் ஆண்டெனாக் கம்பி தன் இரண்டு பக்கத்தையும் நன்றாகப் பார்க்கும், நுனிகள் இருக்கும் திசையை மட்டும் கண்டுகொள்ளாது. அவள் கணவர் குருவிளா கட்டிய கம்பியின் அகலப்பக்கம் ஐரோப்பாவுக்கு நேராக இருந்தது. நுனி ஆப்பிரிக்காவைக் காட்டியது. இப்போது அவருடைய கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டினவரையே கண்டுகொள்ளாத கம்பி.

குருவிளா இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரி. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் கோழஞ்சேரி. கோழஞ்சேரிக்கு வந்தாலும் வயர்லெஸ்தான். பொழுதுபோக்காக உலகம் பூராவும் முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ உரிமமும் வைத்திருந்தார். கப்பலுக்கும் வீட்டுக்கும் கையோடு கொண்டுபோய்க் கொண்டுவரும் சொந்த செட் ஒன்று இருந்தது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். சோசாம்மா இந்தப் பக்கம் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக்கொண்டோ, குடம்புளி போட்ட மீன் குழம்பைக் கிளறாமல் சட்டியோடு சுழற்றிக்கொண்டோ இருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ரெனாட்டோ என்கிற இத்தாலியப் பல் டாக்டரோடு சிரித்துக்கொண்டிருப்பார். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பில் பாதிகூட மிச்சமிருக்காது. கெட்ட மனுஷர் இல்லை. குரல் அங்கேயே தீர்ந்துபோய்விடும், அவ்வளவுதான்.

ஒரு நாள் சுவர் வழியாகத் தன்னைப் பற்றியே ஒரு வாக்கியம் கேட்டாள். எக்ஸ்-ஒய்-எல் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று பிற்பாடு, தானும் ஹாமான டாக்டர் ஈப்பனிடம் கேட்டதற்கு அவர் சொல்லத் தயங்கினார். ஹாம் ஆட்கள் பேச்சில், உரிமம் வைத்திருக்கும் பெண் எண்பது வயதானாலும் ஒய்-எல், அதாவது இளநங்கை. ஹாமின் மனைவி, அவளுக்கு உரிமம் இல்லையென்றால், முன்னாள் இளநங்கை.

"உலகம் பூரா அப்படித்தான் டீச்சர். யாரும் தப்பா நினைக்கறதில்ல," என்றார் டாக்டர்.

"யாரைக் கேட்டீங்க? முன்னாள்களையா?"

மகள் நர்ஸிங் படிக்க மங்களூர் போனபிறகு வீட்டில் இரண்டு கடிகாரச் சத்தம் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. சோசாம்மா டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பரீட்சைப் புத்தகங்களைக் கேட்டாள். ஒரு வருஷம் ஆனது. மின்சாரக் கணக்கெல்லாம் கணக்கு டீச்சருக்குப் பொருட்டில்லை. மோர்ஸ் மட்டும் ஆட்டிப்படைத்தது. பள்ளிக்கூடத்தில் தேர்வு மேற்பார்வைக்கு நிற்கும்போது மேஜை விளிம்பில் புள்ளியும் கோடுமாகத் தட்டிக்கொண்டிருந்ததில், ஒரு பெண் தனக்கு ஏதோ விடை சொல்கிறார்கள் என்று நினைத்துத் தப்பாக எழுதிவைத்தாள். கணவர் கப்பலேறி இரண்டு மாதம் கழித்து உரிமம் தபாலில் வந்தது. அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்து பி, ஜே; ரேடியோ வழக்கப்படி சொன்னால் பாப்பா ஜூலியட். நாற்பத்தாறு வயதில் பாப்பாவும் ஆகி ஜூலியட்டும் ஆனவள் இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருத்திதான் என்று டாக்டர் வாழ்த்தினார். தன் கையால் செய்த பழைய செட் ஒன்றைக் கடனாகக் கொடுத்து, அதை அவள் பேரில் பதிவு செய்யவும் ஓடியாடினார்.

குருவிளாவுக்கு எழுதிச் சந்தோஷப்படுத்த வேண்டியதுதானே என்று அவர் கேட்டபோதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"எழுதினா எழுத்தைத் தெரிஞ்சுக்குவாரு டாக்டர். பாப்பா ஜூலியட்னா பெண்டாட்டின்னு மனப்பாடம் பண்ணிக்குவாரு. எனக்கு அது வேண்டாம். இத்தனை பேர் கூப்பிடற கூட்டத்துல என் குரலை அவரா தெரிஞ்சுக்கணும்."

டாக்டர் தாடையைத் தடவினார். தானும் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஆக, கம்பி. பத்து மீட்டரும் கொஞ்சமும். நடுவில் வெட்டி, அங்கிருந்து கறுப்புக் கேபிளை ஜன்னல் வழியாக அறைக்குள் இழுத்தார்கள். பாச்சு இறங்கி வந்து, துணி காயப் போடும் கொடிக்கு மின்சாரம் கொடுப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே டாக்டர் ஒரு மீட்டரை வைத்தார். நாம் அனுப்புவதில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு போகாமல் நம்மிடமே திரும்பி வருகிறது என்று அது சொல்லும். முதலில் பாதிக்குமேல் திரும்பி வந்தது. கம்பி நீளம். இறக்கி, இரண்டு நுனியிலும் விரல்கடை அளவு நறுக்கி, ஏற்றி, பார்த்து, மறுபடி இறக்கினார்கள். ஐந்தாம் தடவை முள் கிடந்த இடத்தை விட்டு அசையவில்லை. எல்லாம் போகிறது, ஒன்றும் திரும்பவில்லை. சோசாம்மா அந்த முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கப்பல் இன்னும் நான்கு நாள்தான் அந்தக் கரையோரம் இருக்கும் என்று கடைசிக் கடிதத்தில் இருந்தது. அப்புறம் ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றிப் பிரேசில் போகிறது. அவருடைய ஓய்வு நேரம் இங்கே நடுராத்திரியாகிவிடும், ஆகாயம் மூடியிருக்கும். அதற்குப் பிறகு அவர் குரல் என்றால் எட்டு மாதம் கழித்துத்தான்.

புதன்கிழமை ஐந்தரைக்கு அவரைக் கேட்டாள். செட்டுக்குள்ளிருந்து, பக்கத்து அறையில் இருப்பதுபோல வந்தார். கம்பி சரியாகத்தான் பார்த்தது. கப்பலிலிருந்து பேசும் ஹாம் என்றால் எல்லா தேசத்துக்காரனுக்கும் ஆசை. ரஷ்யாக்காரர், ஜப்பான்காரர், பெங்களூர்க்காரர் என்று சந்தையில் ஒரே மீனுக்குப் பத்துப் பேர் கை நீட்டுவதுபோல அவரவர் குறியைச் சொல்லிக் கத்தினார்கள். குருவிளா ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்தார். எல்லோருக்கும் ஒரே பதில்: ஐந்து ஒன்பது, நன்றி, அடுத்தவர். ஐந்து என்பது தெளிவுக்கு, ஐந்துக்கு ஐந்து. ஒன்பது என்பது பலத்துக்கு, ஒன்பதுக்கு ஒன்பது. முழு மார்க். ஜப்பான்காரர் குறியை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு அவருக்கும் முழு மார்க் போட்டார்.

அவளும் கூப்பிட்டாள். ஆறு தடவை. ஏழாம் தடவை அவர் சொன்னார்: "பாப்பா ஜூலியட், ஐந்து ஒன்பது. இந்தியாவா, நமஸ்காரம். நன்றி. அடுத்தவர்."

பெங்களூர்க்காரர் உள்ளே வந்துவிட்டார்.

சோசாம்மா மைக்கைக் கீழே வைத்தாள். அந்த நமஸ்காரம்தான் அவளைக் குத்தியது. யாரோ ஊர்க்காரிக்குப் போகிற போக்கில் ஒரு மரியாதை. விடைத்தாளைத் திறக்காமலே முழு மார்க் போடும் வாத்தியாரை அவள் ஒரு தடவை ஆசிரியர் அறையிலேயே வைத்துக் கிழித்திருக்கிறாள். இன்றைக்கு அந்தத் தாளாகத் தானே இருந்தாள்.

டாக்டர் தம் வீட்டிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், மறுநாள் சாயங்காலம் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு வந்தார்.

"அவனைத் திட்டாதீங்க டீச்சர். தப்பு என் செட்டுமேல. பழசு. நீங்க கேக்கறது ஒரு இடம், பேசறது அதுலேருந்து ஒரு மயிரிழை தள்ளி. இந்த மாதிரிப் பேச்சுல மயிரிழை தள்ளினா ஆம்பளை எருமையாயிடுவான், பொம்பளை எலியாயிடுவா. நேத்து உங்க குரல் எங்க வீட்டுல கீச்சுக் கீச்சுன்னு வந்தது. நானே குமிழைத் திருப்பினப்புறம்தான் அது நீங்க."

"எந்தக் குமிழை?"

கேட்கிற செட்டில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும் என்றார் டாக்டர். பேசுகிறவர் தள்ளி நின்றால், கேட்கிறவர் அதைக் கொஞ்சம் திருப்பிக் குரலை மனுஷக் குரலாக ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் கூட்டம் நெருக்கும்போது யாரும் அதைத் தொட மாட்டார்கள். குறி புரிந்தால் போதும், எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். அவள் செட்டைத் திறந்து சரிசெய்யலாம், ஆனால் ஒரு பாகம் சென்னையிலிருந்து வர வேண்டும், பத்து நாளாவது ஆகும்.

"குமிழ் அவர்கிட்ட இருக்கில்ல?" என்றாள் சோசாம்மா.

"இருக்கு. திருப்பணும்னு அவனுக்குத் தோணணும்."

வியாழனும் வெள்ளியும் ஆகாயம் ஒத்துழைக்கவில்லை. இரைச்சல்தான், நடுநடுவே அவர் குரலின் ஓரம். சனிக்கிழமை, கடைசி நாள், ஐந்தேகாலுக்கே உட்கார்ந்துவிட்டாள். அவர் வந்தார், புதன்கிழமை அளவுக்குப் பலமாக இல்லை. கூட்டமும் வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவழியாக அவர் காதில் விழுந்தாள்.

"பாப்பா ஜூலியட்," என்றார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க ஏற்கெனவே என் புத்தகத்துல இருக்கீங்க. மறுபடி பதிய வேண்டாம். நன்றி, அடுத்தவர்."

ஹாம் ஆட்களுக்கு இது சாதாரண வார்த்தை. ஒருவரை ஒரு தடவை பதிந்தால் போதும், திரும்ப வந்தால் இப்படித்தான் அனுப்பிவைப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்தன்று, மாரமண் சர்ச்சில் இருவரும் கையெழுத்துப் போட்ட புத்தகம் ஒன்றும் இருக்கிறது. சோசாம்மா அடுத்துச் செய்ததை எந்த ஹாமும் செய்ய மாட்டான். அடுத்த ஆளின் முறையில் குறுக்கே புகுந்து, இங்கிலீஷை விட்டுத் தன் பாஷையில் பேசினாள்.

"எனக்கு நம்பர் வேண்டாம். என் குரல் உங்ககிட்ட நிஜமா எப்படி வருதுன்னு சொல்லுங்க. குமிழைத் திருப்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ரஷ்யாக்காரர் முணுமுணுத்தார். யாரோ எரிச்சலில் விசிலடித்தார்கள்.

"மேடம் நம்ம ஊரா," என்றார் குருவிளா. குரலில் கொஞ்சம் வேடிக்கை இருந்தது. எல்லோரையும் பொறுத்திருக்கச் சொன்னார். "குரல் கீச்சுன்னுதான் வருது, மறைக்கறதுக்கில்ல. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க மேடம். அதுக்குள்ள நான் திருப்பிப் பிடிச்சுடறேன்."

அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். அதை அழுத்தியிருக்கும்வரை மறுமுனையில் பேசுவது அவளுக்குக் கேட்காது. அவர் என்ன செய்கிறார், எந்த எண்ணில் கை நிற்கிறது, எதுவும் தெரியாது. ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினாள். பலகைக்கு முன்னால் நின்று எண்ணும் அதே நிதானம். பத்தில் விரலை எடுத்தாள்.

இரைச்சல் மட்டும் வந்தது. கம்பி அறுந்துவிட்டதோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பி அங்கேதான் இருந்தது.

அப்புறம் அவர் குரல் வந்தது. ரேடியோவுக்கென்று அவர் வைத்திருந்த குரல் இல்லை.

"இன்னும் எண்ணு."

எண்ணுங்க இல்லை. மேடம் இல்லை.

பதினொன்றிலிருந்து எண்ணினாள். விடாமல் முப்பத்தொன்று வரைக்கும் போனாள்.

"வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. அவர் அப்பா போனது, மகள் பிறந்தது, அவளுக்கு ஆபரேஷன் ஆனது எல்லாமே கப்பலுக்குத் தந்தியாகத்தான் போயிருக்கின்றன. அவளிடமிருந்து அவசரமாக ஒரு சேதி என்றால் அது எப்போதும் அப்படிப்பட்ட சேதி.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல இச்சாயா. தந்தி குடுக்கற மாதிரி எதுவும் என்கிட்ட இல்ல." கணவரை அவள் இச்சாயா என்றுதான் கூப்பிடுவாள்.

மறுமுனையில் அவர் சிரித்தார். அவரும் அதே பரீட்சை எழுதியவர். ஹாம்கள் ரேடியோவில் சொந்த விஷயம் பேசலாம், ஆனால் அது தந்தி கொடுக்கும் அளவுக்கு முக்கியமில்லாததாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

"அப்ப சட்டப்படி பேசலாம்," என்றார். "பேசு."

பேச என்று சேர்த்துவைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் முக்கோணத்துக்கு நாலாவது கோணம் கண்டுபிடித்திருக்கிறான் என்று சொன்னாள். மத்தி மீன் இந்த வாரம் முள்ளாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. எந்தப் படி வரைக்கும் என்று கேட்டார். ஏழாவது படி என்றாள். ரெனாட்டோ நடுவில் வந்து, கம்பியின் நுனிப்பக்கமிருந்து மெல்லியதாக, மரியாதையாகத் தன் குறியைச் சொன்னார். காத்திருங்கள் ரெனாட்டோ, இப்போது எனக்கு வேலை இருக்கிறது என்றார் குருவிளா. அந்த வாக்கியத்தை இந்தப் பக்கமிருந்து கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

இதற்குள் அவர் குரல் தேய ஆரம்பித்திருந்தது. கடல் பக்கத்து ஆகாயம் அந்த நேரத்தில் அப்படித்தான், சொல்லிக்கொள்ளாமல் மூடிவிடும். அவள் அவசரமாகக் கேட்டாள்.

"என் குரல் இப்ப எப்படி வருது?"

"அஞ்சுக்கு மூணு. பலம் ஒன்பதுக்கு ரெண்டு, சமயத்துல அதுவும் இல்ல. முங்கி முங்கி வருது சோசா. பாதி வார்த்தைய நானே போட்டுக்கறேன்."

வாழ்நாளில் இவ்வளவு குறைந்த மார்க் அவள் வாங்கியதில்லை. அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, எந்த வார்த்தைகளைப் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

பதில் துண்டுதுண்டாக வந்தது. மத்தி என்று வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், "கிணத்துல... எட்டாவது படின்னு..."

"ஏழாவது," என்றாள்.

விரலை எடுத்தாள். இரைச்சல். மறுபடி அழுத்தினாள். ஹாம்கள் எண் தப்பாகிவிடக் கூடாது என்று இரண்டிரண்டு தடவை சொல்வார்கள், அந்த மாதிரி, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே அவர் கை குமிழுக்குப் போய்ச் சேர நேரம் விட்டு, சொன்னாள்: "ஏழு. ஏழு. எட்டு இல்ல இச்சாயா, ஏழு."